சிவனேஸ்வரி ஏறாத யானை

சிவனேஸ்வரி அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய குரலைத்தான் கேட்டேன். 1975ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்து அது இரண்டாவது நாள். ஒரு ஃபைலைத் தேடி நடைவழியில் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டினேன். பதில் இல்லை. “எங்கதான் போய்த் தொலைஞ்சாங்களோ” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளேயிருந்து நிதானமாக ஒரு பெண் குரல் வந்தது.

“ஒருத்தரும் தொலையேல்லை. படம் கழுவுறன். அஞ்சு நிமிசம் பொறுங்கோ.”

திருச்சியிலிருந்து வந்து மூன்று மாதத்தில், எங்கள் வீட்டுக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ் அது. ஐந்து நிமிடமும் அந்தக் கதவடியிலேயே நின்றேன். கதவு திறந்து, வெள்ளை கோட்டும் கண்ணாடியும் அணிந்த ஒல்லியான ஒரு பெண் வெளியே வந்து, ஈரக் கையைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தியாவோ?” என்றார். “ஆமா” என்றேன். “நல்லது, சாப்பிட வேளைக்கு வாரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கொழும்பில் படித்து, எக்ஸ்ரே வேலை பழகி, கணவர் விக்னராஜாவுடன் 1973இல் சிட்னிக்கு வந்தவர். விக்னராஜா சார் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்தார். பரமட்டாவிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, வென்ற்வேர்த்வில்லில், ரயில் போகும்போது ஜன்னல் நடுங்குகிற ஒரு வாடகை வீடு. குழந்தைகள் இல்லை. அதைப்பற்றி அவர்களும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கூடத்துச் சுவர் முழுக்க வரைபடங்கள். சமையலறையில் மட்டும்தான் இரண்டு நாற்காலிகள் இருந்தன. நான் போனால் சார் எழுந்து, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இரண்டு குடும்பமும் படகேறி மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். உள்ளே போய்க் கொஞ்ச தூரத்திலேயே அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கால் வலிக்கிறது, பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். சார் தன் பையையும் அவர் பக்கத்தில் வைத்தார். நாங்கள் ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் பார்த்துத் திரும்பும்வரை அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர், கால் வலிக்கத்தான் செய்யும்.

அந்த வருடக் கடைசியில்தான் நேபாளப் பேச்சு வந்தது. சார் இருபது வருடமாக, முதலில் இலங்கையிலும் பிறகு இங்கேயும், பிள்ளைகளுக்கு இமயமலையைச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாளும் பார்த்ததில்லை. மெல்பேர்னில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி, காட்மாண்டுவில் ஒரு லாரியை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றி இருபத்துநான்கு நாள் நேபாளத்தைச் சுற்றிக்காட்டியது. மலையடிவாரத்துக் கிராமங்கள், பிறகு தெற்கே இறங்கித் தராய்ச் சமவெளிக் காடு. ஜனவரியில் பள்ளி விடுமுறை. சார் பயண விவரம் தட்டச்சிட்ட தாளை மேசைமேல் வைத்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாராம். நேரே கேட்க அவருக்குக் கூச்சம்.

அக்கா தாளைக் கடைசிவரை வாசித்தார். கடைசி ஐந்து நாள் காட்டில். தினமும் காலையில் யானைமேல் ஏறிப் போய்க் காண்டாமிருகம் பார்ப்பது என்று போட்டிருந்தது. தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியே சாரைக் கூப்பிட்டு, “போகலாம்” என்றார்.

ஏன் சம்மதித்தீர்கள் என்று பிற்பாடு நான் கேட்டபோது, “கலியாணம் செய்து பதினாலு வருசத்தில அவர் தனக்கெண்டு ஒண்டும் கேட்டதில்லை, விஜயா. முதல் தரம் கேக்கிறார். எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?” என்றார்.

அவருக்கு யானை என்றால் ஏன் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர்களுடைய குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் நெல் வயல் செய்துகொண்டிருந்தது. அவருக்கு ஓர் அண்ணன், சிறி. பதினேழு வயது. வயலோரத்துப் பரணில் காவலிருந்துவிட்டு ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, வரப்பில் அவரை யானை அடித்துக் கொன்றுவிட்டது. இவ்வளவும் சாருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரு விஷயம் அக்காவிடம் மட்டும் இருந்தது.

காட்மாண்டுவில் லாரியைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். இரு பக்கமும் கான்வாஸ் கட்டி, நடுவே நீளப் பெஞ்சு போட்ட பழைய லாரி. பயணிகள் பத்துப் பேர். இவர்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் இளையவர்கள். கூட்டிப்போனவள் மெல்பேர்னைச் சேர்ந்த ஜூடித், முப்பத்திரண்டு வயது, விலங்கியல் படித்தவள், நேபாளி சரளமாகப் பேசுவாள், லாரியையும் அவளே ஓட்டுவாள். அக்கா புடவைக்கு மேலே இரண்டு ஸ்வெட்டரும் சாரின் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். சார் ஒவ்வொரு வளைவிலும் எழுந்து நின்று மலையைப் பார்த்தார். ஜூடித் இரண்டு தரம் உட்காரச் சொன்னாள், பிறகு விட்டுவிட்டாள்.

பொக்காராவிலிருந்து ஒரு நாள் நடந்து மேலே ஏறி, குருங் மக்களின் கிராமம் ஒன்றுக்குப் போனார்கள். கல் பாவிய படிகள், கூரையில் காயும் சோளக்கதிர்கள், பின்னால் மீன் வாலைப்போலப் பிளந்த வெள்ளைச் சிகரம். ஒரு வீட்டு முற்றத்தில் அறுபதை நெருங்கும் ஒருவர், கம்பளித் தொப்பியும் கையில்லாத கோட்டும் போட்டவர், சாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, தெளிவான தமிழில் கேட்டார்:

“அண்ணே, சாப்பிட்டாச்சா?”

அந்த மனிதர் கூர்க்காப் படையில் மலாயாவில் ஒன்பது வருடம் இருந்தவர். ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காவல். அங்கே தமிழர்களிடம் கற்ற வார்த்தைகள் இருபதோ இருபத்தைந்தோ அவரிடம் மிச்சமிருந்தன. சோறு, தண்ணி, மழை, பாம்பு, வாங்க, போங்க, அழாதே. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இருபது வருடமாகப் பார்க்க ஏங்கிய சிகரம் பின்னால் இருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அவரோடு பேசினார் என்று அக்கா பிறகு சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கிராமத்துக் குழாயடியில் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரப் பெண்களை எட்ட நின்று பார்த்தவர்கள், இவருடைய தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தார்கள், புடவைத் தலைப்பை விரலால் உரசிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் இடுப்புக் குழந்தையைக் காட்டி, உனக்கு எத்தனை என்று கையால் கேட்டாள். அக்கா இல்லை என்று கையை விரித்தார். அவள் வருத்தமான முகம் எதுவும் காட்டவில்லை. குழந்தையைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தன் குடத்தை நிரப்பப் போய்விட்டாள். நிரப்பி முடியும்வரை குழந்தை அக்காவிடமே இருந்தது. “நல்ல பாரம்” என்று மட்டும்தான் அதைப்பற்றி அவர் என்னிடம் சொன்னார்.

திரும்பவும் காட்மாண்டு வந்து, அங்கிருந்து தெற்கே, வளைந்து வளைந்து மலை இறங்கிச் சமவெளிக்கு வந்தார்கள். குளிர் விட்டது. ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இரு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. ஜூடித் லாரியை மெதுவாக்கி, தெருவில் கிடந்த யானை லத்தியைக் காட்டினாள். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மறுபக்கம் கடுகு வயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ரப்தி ஆற்றங்கரையில், தாரு என்னும் சமவெளி மக்களின் கிராமம் ஒன்றை ஒட்டிக் கூடாரம் போட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. தாரு மக்களின் வீடுகள் தாழ்ந்த புல் கூரையும், நாணல் கட்டி மண் பூசிய சுவருமாக இருந்தன. முதல் நாள் காலை மூடுபனிக்குள்ளிருந்து மணிச் சத்தம் வந்தது. பிறகு யானைகள் வந்தன. மூன்று. அக்கா கூடாரத்தின் கான்வாஸை இழுத்து மூடிக்கொண்டு, வயிற்று வலி என்று படுத்துவிட்டார்.

சாருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் போகவில்லை என்றார். அந்தத் தாளைப் பார்த்தபோதே கேட்டிருக்க வேண்டும், முப்பது வருடம் ஆயிற்றே என்று நினைத்துவிட்டேன் என்றார். அக்கா விடாப்பிடியாக அவரை அனுப்பிவைத்தார். சார் போனார். அன்று காண்டாமிருகம் நாலு, கரடி ஒன்று, புள்ளிமான் கூட்டம், மரத்தில் மரமாக உட்கார்ந்திருந்த இருவாட்சிப் பறவைகள் எல்லாம் பார்த்தார். திரும்பி வந்து கேட்டபோது, மரங்கள் நன்றாக இருந்தன என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாளும் வயிற்று வலி என்றார் அக்கா. ஜூடித் கூடாரத்துக்குள் தலையை நீட்டினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கிராமத்துப் பெண்கள் இன்றைக்கு ஆற்றைக் கடந்து புல் அறுக்கப் போகிறார்கள், கூரை வேய வருடத்துக்குச் சில நாட்கள்தான் அவர்களைக் காட்டுக்குள் விடுவார்கள், போய்ப் பார்க்க விருப்பமா, நடந்துதான் போக வேண்டும் என்றாள். கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னாள். அக்கா எழுந்து புடவையை வரிந்து கட்டினார்.

ஜூடித் அவரை ஒப்படைத்தது புத்னி என்ற பெண்ணிடம். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். குள்ளம். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பச்சை குத்தியிருந்தாள். ஆற்றில் இறங்கியபோது அது தண்ணீருக்குள் மீன் செதிலைப்போல அசைந்தது. தண்ணீர் தொடைவரை, பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. நடு ஆற்றில் அக்காவின் கால் வழுக்கியபோது, புத்னி திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். அக்கா பிடித்துக்கொண்டார்.

எதிர்க் கரை மணலில், நீண்ட ஒடுங்கிய மூக்குள்ள முதலைகள் இரண்டு, வெயில் வருவதற்காகக் காத்துக் கிடந்தன. பெண்கள் அவற்றைச் சட்டை செய்யவில்லை. அவை மீன் தின்னிகள்.

புல் இரண்டு ஆள் உயரம். உள்ளே போனால் முன்னே போகிறவளின் முதுகு மட்டும்தான் தெரியும். பிறகு கூரைப்புல் வளர்ந்த திறந்த இடம் வந்தது. பெண்கள் வரிசையாக நின்று அறுக்கத் தொடங்கினார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புத்னியிடம் கையை நீட்டினார். புத்னி சந்தேகத்தோடு பல்வைத்த அரிவாளைக் கொடுத்தாள். அக்கா இடது கையால் பிடி சேர்த்து, அடியோடு அணைத்து, ஒரே இழுப்பில் அறுத்து, காலடியில் கிடத்தினார். வயற்காரர் வீட்டில் வளர்ந்தவர், கை மறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். புத்னி தனக்கு வேறு அரிவாள் வாங்கிக்கொண்டு, தன் வரிசையிலேயே அவருக்கு இடம் விட்டாள். சிட்னி ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரேக்காரி, மடித்துச் செருகிய புடவையும் பிளாஸ்டிக் செருப்புமாக, தாருப் பெண்களோடு நின்று பத்து மணிவரை புல் அறுத்தார்.

பனி விலகிய நேரம் அது. ஒருத்தி நாக்கால் சின்னதாக ஒரு சத்தம் செய்தாள். எல்லோரும் நிமிராமல் அப்படியே உட்கார்ந்தார்கள். புத்னி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். உயரப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு காண்டாமிருகம் வெளியே வந்தது, பின்னால் அதன் குட்டி. நாற்பது அடி தூரம்கூட இல்லை. தோல் மடிப்பு மடிப்பாக, இரும்புத் தகட்டை ஆணியடித்து இணைத்ததுபோல இருந்தது. குட்டி தாயின் காலுக்கிடையில் புகுந்து வெளியே வந்தது. தாய் புல்லைக் கடித்து மெல்லும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அக்காவுக்குப் பயம் இருந்தது. ஆனால் அவர் கவனித்தது வேறு. தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது. சிரித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, முதலையைப் பொருட்படுத்தாமல் வந்த புத்னி, முகம் வெளுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா தன் மற்றக் கையை அந்தக் கைமேல் வைத்தார். மிருகம் ஒரு தரம் தலையைத் தூக்கி இவர்கள் பக்கம் முகர்ந்தது. பிறகு குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு, வந்த வழியே புல்லுக்குள் போய்விட்டது.

மதியம் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பிரித்தார்கள். புத்னி அக்காவைக் கையைப் பிடித்து எழுப்பி, கொஞ்ச தூரம் கூட்டிப்போனாள். ஓர் இலவ மரத்தடியில் கற்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. புத்னி தன் வெறும் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். மூக்குக்கு மேலே விரலைக் கொம்புபோல வைத்துக் காட்டினாள். பிறகு மூன்று விரல். மூன்று வருடத்துக்கு முன்னால், மாட்டுக்குப் புல் அறுக்க வந்த அவளுடைய புருஷன். வேறொன்றும் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துக் குவியலில் வைத்துவிட்டு, அக்காவின் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள்.

அக்கா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பேசத் தொடங்கினார். தமிழில். முப்பத்தொரு வருடமாக அம்மாவிடம் சொல்லாததை, அப்பாவிடம் சொல்லாததை, கட்டிய கணவரிடம் சொல்லாததை, ஒரு சொல்லும் விளங்காத ஒருத்தியிடம் சொன்னார்.

“என்ர அண்ணா. ஆனை அடிச்சது. நான்தான் கூப்பிட்டனான். அம்மா தேத்தண்ணி போட்டு வைச்சவ. நான் வாசல் படலையடியில நிண்டு, அண்ணா, ஆறப்போகுது, கெதியா வாங்கோ எண்டு கத்தினனான். அதுக்குத்தான் அவர் வழமைக்கு முந்தி வேளைக்கு இறங்கினவர். நான் கூப்பிடாட்டி ஆனை போகுமட்டும் பரணிலையே இருந்திருப்பார்.”

புத்னி இடைமறிக்காமல் கேட்டாள். முடிந்ததும், அக்காவின் கையிலிருந்த கல்லையும் கையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் குவியல்மேல் கொண்டுபோய் வைத்தாள். பிறகு, சோறு ஆறிவிடும் என்பதுபோல முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

பிற்பகலில் புல் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தபோது, கடக்கும் இடத்தில் பாகர்கள் யானைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. அக்காவின் தலையிலும் சின்னதாக ஒரு கட்டு இருந்தது. அவர் நின்றதைப் பார்த்து, புத்னி மேல்பக்கமாக நடந்து, தன்னை யானைக்கும் அக்காவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

ஒரு பெண் யானை பக்கவாட்டில் சரிந்து படுத்திருந்தது. அக்கா நடு ஆற்றில் நின்று அதைப் பார்த்தார். ஒன்பது வயதுக்குப் பிறகு யானையை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை; படத்தில் வந்தால்கூடப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். காதின் ஓரம் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. கண்ணிமை மயிர் நீளமாக, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாகன் கல்லால் நெற்றியைத் தேய்க்கத் தேய்க்க, அது கண்ணை மூடிக்கொண்டது. அக்கா தொடவில்லை. கிட்டப் போகவுமில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கரையேறினார்.

கரையில் சார் துண்டோடு நின்றிருந்தார். புல் கட்டை அக்காவின் தலையிலிருந்து இறக்கிவிட்டு, குனிந்து அவருடைய காலைத் துடைத்துவிட்டாராம். தாருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த நாள் சார் யானைச் சவாரிக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஆற்று மணலில் போய் உட்கார்ந்தார்கள். செந்நிற வாத்துகள் சோடி சோடியாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அக்கா, புத்னியிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார். ஒரு தரம் சொன்னபின் இரண்டாம் தரம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்றார் என்னிடம்.

சார் அழாதே என்றோ, உன் பிழை இல்லை என்றோ சொல்லவில்லை. ஒரு புல் தண்டை எடுத்து, மணலைக் கையால் சமப்படுத்தினார்.

“வீடு எவடத்தில?” என்று கேட்டார்.

அக்கா காட்டினார். சார் ஒரு சதுரம் போட்டார்.

“பரண்?”

“வயலின்ர அந்தக் கரையில. காட்டோட. வடக்கு.”

“வடக்கோ, வடகிழக்கோ?”

அக்கா யோசித்தார். “வடகிழக்கு எண்டும் சொல்லலாம்.”

“நடந்து போக எவ்வளவு நேரம்?”

“கால் மணித்தியாலம்.”

“எந்த மாதம்?”

“தை. பொங்கலுக்கு அடுத்த கிழமை.”

சார் பரணிலிருந்து வீட்டை நோக்கிச் சின்னச் சின்ன அம்புக்குறிகளாக வரைந்துகொண்டே போனார். வகுப்பில் பேசுவதுபோல, அவசரமில்லாமல் பேசினார்.

“தையில வாடைக்காத்து. வடகிழக்கில இருந்து அடிக்கும். பரணில நிண்டு அவர் கத்தினா உமக்குக் கேக்கும். நீர் கத்தினா, சத்தம் உமக்குப் பின்னால ரோட்டுக்குத்தான் போகும். முக்கால் மைல், எதிர்க்காத்து, ஒன்பது வயசுப் பிள்ளையின்ர குரல். உம்மட குரல் அவருக்குக் கேட்டிருக்காது, சிவனேசு.”

அக்கா பரண் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப ஏன் அவர் வேளைக்கு இறங்கினவர்?”

சார் தண்டை மணலில் குத்தி வைத்தார்.

“பசிச்சிருக்கும்,” என்றார்.

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்ததாம். சிரித்து, பிறகு அழுது, அந்த மதியம் அங்கேயே போனது. மீதி இரண்டு நாளும் சார் காட்டுக்குப் போனார். அக்கா புல் அறுக்கப் போனார். கிளம்பும் அன்று கிராமமே லாரியைச் சுற்றி நின்றது. புத்னி வரவில்லை. அவள் வீட்டுக் கூரையில் ஏறியிருந்தாள், பழைய புல்லை உருவிக் கீழே போட்டுக்கொண்டு. லாரி தாண்டும்போது அங்கிருந்தே அரிவாளைத் தூக்கி ஆட்டினாள்.

பிப்ரவரியில் அக்கா வேலைக்குத் திரும்பினார். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. ரசாயனம் பட்டால் எரிகிறது என்றார். மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில், பல நாட்களாக, கொஞ்சம் கொஞ்சமாக இதையெல்லாம் எனக்குச் சொன்னார். காற்றுக் கணக்கைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பரண் வடக்கா வடகிழக்கா என்று சார் ஏன் இரண்டாவது தரம் கேட்டார்? கேட்டும்விட்டேன். அக்கா டிபன் பாக்ஸை மூடினார்.

“எனக்கும் விளங்கினதுதான்,” என்றார். “அவர் தனக்கு வேணுமான பக்கத்துக்குப் பரணைக் கொஞ்சம் தள்ளி வைச்சவரோ தெரியாது. அம்மாவைக் கேட்டா நேரான திசை சொல்லுவா. நான் கேக்கமாட்டன். எனக்காக ஒரு மனிசன் மணலில இருந்து அவ்வளவு யோசிச்சவர். அதுவே எனக்குக் காணும்.”

திசையைக் கேட்கவில்லையே தவிர, அம்மாவுக்கு அந்த வாரமே கடிதம் எழுதினார். அண்ணன் இறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. அம்மா முன்னால் சொன்னால் அம்மா உடைந்துவிடுவார் என்று மகள் நினைத்தார். மகள் முன்னால் சொன்னால் மகள் பயந்துவிடுவாள் என்று அம்மா நினைத்தார். அண்ணாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டு எழுதினார். பதில் வர நாலு மாதமாயிற்று. ஒரே ஒரு படம், பள்ளிக்கூடத்தில் எடுத்தது, இருக்கிறது. தபாலில் போட மனம் வரவில்லை, நம்பிக்கையான ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்று அம்மா எழுதியிருந்தார்.

நம்பிக்கையான ஆள் கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. 1979 தொடக்கத்தில், வரதராஜா என்ற ஒருவர் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு சிட்னிக்குக் குடிவந்தார். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் காட்டுக்குள் கோயில் கட்டப்போகும் இடத்தைப் பார்க்க நாங்கள் நாலைந்து குடும்பம் காரில் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரும் வந்திருந்தார். காருக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார். வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

சார் கொஞ்ச தூரத்தில் நின்று, சரிவு எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. என் பக்கத்தில் காரில் சாய்ந்துகொண்டு உறையைப் பிரித்தார். உள்ளங்கை அளவுப் படம், மூலை மடிந்து பழுப்பேறியது. முப்பது முப்பத்தைந்து பையன்கள், வெள்ளைச் சட்டை, மூன்று வரிசை, நடுவே ஒரு வாத்தியார். எனக்கு எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரிந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி, படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வரிசை வரிசையாகத் தேடவில்லை. நேரே பின்வரிசைக் கடைசியில் விரலை வைத்தார்.

“இவர்தான்,” என்றார். “படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிப்போட்டார், பாரும்.”

பிறகு நிமிர்ந்து, சாரை வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.